கடையத்துத் தபாலும் கையிலிருக்கும் போனும்

எங்கள் இலஞ்சியிலிருந்து தென்காசி வழியாகப் போனால் கடையம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். பாரதியார் அங்கே ரெண்டு வருஷம் இருந்தார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். செல்லம்மாள் பிறந்த ஊர், கையில் காசு இல்லை, அதனால் அங்கே வந்து இருந்தார் என்பார்கள். கதையில் பாதி அதில் விட்டுப்போகிறது. 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தவரைக் கடலூர் பக்கத்தில் கைது செய்தார்கள். டிசம்பர் நடுவில் விட்டார்கள், ஆனால் சும்மா விடவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் வசிக்க வேண்டும், அரசியலில் தலையிடக் கூடாது, எதை அச்சுக்குக் கொடுத்தாலும் முதலில் சி.ஐ.டி. மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள்.

நான் மென்பொருள்காரன். முதல் நிபந்தனையைப் படித்தவுடன் எனக்கு ஜியோஃபென்ஸ் என்றுதான் தோன்றியது. வரைபடத்தில் ஒரு கோடு, அதற்குள் ஒரு புள்ளி. புள்ளி கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். வித்தியாசம் என்னவென்றால் 1918இல் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளாக என்னிடம் பலபேர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போன் நம்மைக் கண்காணிக்கிறதே, ஸ்மார்ட்போனைத் தூக்கி வைத்துவிட்டு வாழ முடியாதா? முடியும், முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கிட்டத்தட்ட இதே கேள்வியை இந்த ஜில்லா நூறு வருஷத்துக்கு முன்னால் தபாலை வைத்துச் சந்தித்திருக்கிறது. அன்றைக்குத் தபால் என்றால் கடிதம் மட்டுமா? பத்திரிகை அதில் வரும், மணியார்டர் அதில் வரும், மருந்துகூட வி.பி.பி.யில் வரும். இன்றைக்கு போன் இருக்கிற இடத்தில் அன்றைக்குத் தபால் இருந்தது.

தபாலைப் பிரித்துப் பார்ப்பது திருட்டுத்தனமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம், சட்டப்படியே நடந்தது. 1885 தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தந்தியை இடைமறிக்கலாம் என்றது. 1898 தபால் சட்டத்தின் 26ஆம் பிரிவு பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமென்றால் கடிதத்தை நிறுத்தலாம், பிரிக்கலாம் என்றது. சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. 1906இல் வந்தது. ரெண்டே வருஷத்தில், 1908 மார்ச்சில், வ.உ.சி. கைதும் திருநெல்வேலிக் கலவரமும். சட்டம் தயார், ஆள் தயார், வேலையும் வந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் பாரதி புதுச்சேரியில் இருந்தார். "இந்தியா" பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார்கள். பிரெஞ்சுக்காரன் மண்ணில் அச்சடிப்பதை பிரிட்டிஷ்காரன் தடுக்க முடியாது. ஆனால் படிக்கிறவர்கள் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம்! தபாலில் பத்திரிகை உள்ளே வருவதைத் தடுத்தார்கள், அம்புட்டுதான். 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. அச்சாபீஸில் ஒருவரும் கை வைக்கவில்லை. பத்திரிகை போகிற குழாயை அடைத்தால் போதுமாக இருந்தது.

புதுச்சேரிக் கதையில் எனக்கு ரொம்பவும் உறுத்துகிற சம்பவம் ஒரு ஜாடி. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரம்மா தண்ணீர் இறைக்கும்போது மூடி அடைத்த ஜாடி ஒன்று வாளியோடு வந்தது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள். பிரிட்டிஷ் உளவாளிகள் போட்டுவைத்தது என்று அந்தக் காலத்து ஆட்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்தது என்னவென்று ஊகிக்கலாம்: யாராவது பிரெஞ்சுப் போலீஸிடம் துப்பு கொடுப்பார்கள், சோதனை வரும், ஜாடி கிடைக்கும். ஐயரும் நண்பர்களும் முந்திக்கொண்டார்கள், தாங்களே போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சோதனை நடந்தது, ஒன்றும் அகப்படவில்லை. அரவிந்தர் வீட்டுக்குப் போன பிரெஞ்சு அதிகாரி மேஜைமேல் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பினாராம்.

2021 பிப்ரவரியில் அர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க தடயவியல் நிறுவனம் பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. வழக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கோப்புகளை வெளியிலிருந்து ஒரு தீநிரல் வழியாக யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றது அறிக்கை. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது இந்த ஜாடிதான். கிணற்றில் கிடக்கிற ஜாடி வாளியில் தட்டுப்படும். கோப்பு தட்டுப்படாது.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். இலஞ்சியிலிருந்து செங்கோட்டை போகும்போது நடுவில் பிரானூர் பார்டர் வரும். பரோட்டா தின்னப் போகிறவர்களில் எத்தனை பேர் என்ன பார்டர் என்று யோசித்திருப்பார்கள்? 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் மகாராஜா ஆட்சி. வாஞ்சிநாதன் அந்தப் பக்கத்து ஆள், வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார்.

செத்துப்போன ஆளிடம் போலீஸ் எதை விசாரிக்கும்? வீட்டைச் சோதனை போட்டார்கள். அகப்பட்ட கடிதங்களிலிருந்து ஆறுமுகம் பிள்ளை என்ற பெயர் வந்தது. அவரைப் பிடித்ததும் அப்ரூவர் ஆனார். அவரிடமிருந்து சோமசுந்தரம் பிள்ளை, அவரும் அப்ரூவர். இப்படி ஒரு நூலைப் பிடித்து இழுத்து 14 பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏன்னா போன் கண்காணிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற இடம் இது. "நான் என்ன ரகசியமா பேசுறேன், கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்" என்பார்கள். ஆஷ் வழக்கில் போலீஸுக்கு முதலில் உதவியது கடிதத்தில் இருந்த விஷயத்தைவிட அதிலிருந்த பெயர்தான். யார் யாருக்கு எழுதினான், எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில். தபால் முத்திரையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இன்றைக்கு இதற்குப் பெயர் கால் டீட்டெய்ல் ரெக்கார்டு, சுருக்கமாக சிடிஆர். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது எந்த டவரின் கீழ் இருந்தீர்கள். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை இதைக் குறைந்தது ரெண்டு வருஷம் சேமித்து வைக்கவேண்டும் என்று உரிமத்தில் திருத்தம் செய்தது. முன்பு ஒரு வருஷமாக இருந்தது. செங்கோட்டையில் ஒரு வீட்டைக் கிளறித்தான் அந்தப் பெயர்கள் கிடைத்தன. இப்போது நாட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், தேவைப்படலாம் என்று, அந்தப் பெட்டி முன்கூட்டியே நிரம்பிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் பாரதி தபாலை விட்டாரா? கடையத்தில் இருந்தபோது, 1920இல், அவர் ஒரு சுற்றறிக்கை அச்சடித்து அனுப்பினார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப்போவதாகத் திட்டம். ஆளுக்கு நூறு ரூபாய் கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். கணக்குப் போட்டால் நாலு லட்சம் பிரதி. எந்தத் தபால் அவர் பத்திரிகையைக் கொன்றதோ அதே தபாலில்தான் அந்த வேண்டுகோளும் போனது. வேறு எதில் போகும்? கடையத்திலிருந்து நூறு பேர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது? பணம் வரவில்லை. அதற்குக் காரணம் போலீஸ் என்று சொல்ல மாட்டேன், தமிழன் புத்தகத்துக்குப் பணம் கொடுக்காதது தனி ஆராய்ச்சி. நான் சொல்ல வந்தது, கண்காணிக்கப்படுகிற கருவி என்று தெரிந்த பிறகும் அதைப் போட்டுவிட்டுப் போக அவருக்கு வழியில்லை. பிழைப்பு அதில் இருந்தது.

அப்படியானால் தபாலே எழுதாதவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன், மாடு மேய்க்கிறவன்? அவர்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1911இல் திருத்தி எழுதிய குற்றப்பரம்பரைச் சட்டம். கைரேகைச் சட்டம் என்று தென்மாவட்டங்களில் இன்னமும் சொல்வார்கள். ஒரு சாதியையே அறிவித்துவிட்டு, வயது வந்த ஆண்களின் விரல்ரேகையைப் பதிந்து, ராத்திரியானால் போலீஸ் கச்சேரியில் வந்து ஆஜர் கொடு என்றார்கள். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமோ கருமாதியோ, சீட்டு இல்லாமல் கிளம்பினால் குற்றம். பிரமலைக் கள்ளர்களை இப்படிப் பதியப்போன இடத்தில், உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதே வருஷம்தான் கடையத்தில் பாரதி சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவருடைய எழுத்தைப் பிடித்தார்கள், இன்னொருவருடைய விரலைப் பிடித்தார்கள்.

இப்போது போனுக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம் பட்டன் போன் மட்டும் வைத்திருந்தேன். குற்றால சீசன் நேரம். ஆபீஸ் வேலை வீட்டிலிருந்து மடிக்கணினியில் என்பதால் இது எனக்குச் சாத்தியப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெலிவரி வண்டி ஓட்டுகிறவர் இதை ஒரு நாள்கூடச் செய்ய முடியாது, அவருக்கு ஸ்மார்ட்போன்தான் முதலாளி.

நான் நினைத்ததைவிட நிறைய விஷயம் நடந்தது. தென்காசி ஸ்டேஷனில் படிவம் எழுதிக் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். கேஸ் சிலிண்டர் போன் பண்ணிப் பதியலாம், டெலிவரிக்குச் சொல்லும் எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். வங்கி ஓடிபியும் அப்படியே. பட்டன் போனில் பணம் அனுப்பவே ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. பலபேருக்குத் தெரியாது, எங்கள் தெருக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கூட கழுத்தில் கியூஆர் அட்டை மாட்டியிருக்கிறார். ரூபாய் நோட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார், ஆனால் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுகிறார். சிரமம் எனக்கில்லை, அவருக்குத்தான்.

நடக்காதவை ரெண்டு. ஆபீஸ் கணினிக்குள் நுழைய ஒரு ஆப் கேட்டது. அதற்காகப் பழைய ஸ்மார்ட்போனை சிம் எடுத்துவிட்டு மேஜையில் வைக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று பையனின் பள்ளிக்கூட வாட்ஸப் குழு. வீட்டுப்பாடம், லீவு, பீஸ் எல்லாம் அதில்தான். என் மனைவியின் போன் இல்லையென்றால் இந்தச் சோதனை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். "நீங்க விரதம் இருக்கீங்க, சமையல் நான் பண்றேன்" என்றாள். நியாயம்தான்.

ஆனால் கண்காணிப்பு குறைந்ததா? இதற்கு நேரான பதில் ஒன்று கிடையாது. யாரிடமிருந்து என்று கேட்க வேண்டும். ஸ்மார்ட்போனில் இருக்கிற ஆப்கள், விளம்பர அடையாள எண், ஜிபிஎஸ், எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்கிற விவரம் எல்லாம் கம்பெனிகளுக்குப் போவது நின்றது. அமெரிக்கப் போலீஸ் ஒரு இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு அந்த நேரத்தில் அதற்குள் இருந்த போன்களையெல்லாம் கொடு என்று கூகுளிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில்தான் இனி அந்தப் பயண விவரத்தை உங்கள் போனிலேயே வைக்கிறோம் என்று கூகுள் அறிவித்தது. பட்டன் போனில் இந்தத் தொல்லை இல்லை.

டவர் விஷயம் வேறு. போன் உயிரோடு இருந்தால் பக்கத்து டவரிடம் தன் எண்ணையும் கருவியின் ஐஎம்இஐ எண்ணையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கும், இல்லாவிட்டால் அழைப்பு வராது. எண்ணூறு ரூபாய்ப் போனும் எண்பதாயிரம் ரூபாய்ப் போனும் இதில் ஒன்றுதான். டவர் நெருக்கமான நகரத்தில் உங்களைச் சில நூறு மீட்டருக்குள் சொல்லிவிடலாம், நம்ம மலையடிவாரத்தில் சில கிலோமீட்டர். அதைவிட முக்கியம், பட்டன் போனின் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் தொலைபேசிக் கம்பெனியின் கருவிக்குள் பூட்டில்லாமல்தான் போகிறது. ஆணை வந்தால் கேட்கலாம், படிக்கலாம். ஸ்மார்ட்போனில் சிக்னல், வாட்ஸப் வழியாகப் போகிற செய்தி அனுப்புகிற முனையில் பூட்டி வாங்குகிற முனையில்தான் திறக்கும். ஆக, ஸ்மார்ட்போனை விட்டவன் கம்பெனிகளிடமிருந்து தப்பி அரசாங்கத்துக்குப் போஸ்ட் கார்டு எழுத ஆரம்பிக்கிறான். பூட்டை உடைக்க முடியாதபோது போனுக்குள்ளேயே போய் உட்காருகிற வித்தைதான் பெகாசஸ். 2021 ஜூலையில் வெளியான பட்டியலில் திருமுருகன் காந்தி, சீமான் எண்கள்கூட இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருந்தால் போனுக்குள் புகுந்ததாக அர்த்தமில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து ஐந்தில் ஏதோ தீநிரல் இருப்பதாகச் சொன்னது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னதாக நீதிமன்றமே தெரிவித்தது.

போனே இல்லாதவர்கள்? ஆவணியில் ஒரு நாள் குளத்துக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சியிடம் பேச்சுக்கொடுத்தேன். "ஆச்சி, ஒங்ககிட்ட போன் இருக்கா?"

"எனக்கெதுக்குய்யா அது. இருந்தாலும் இல்லாட்டாலும் காலைல ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. அதுல மூஞ்சி விழலன்னா சம்பளம் விழாது. போன வாரம் டவர் கெடைக்கலன்னு அந்தப் பிள்ள மேட்டுல ஏறி நின்னுக்கிட்டு கெடந்தா."

அந்தப் பிள்ளை வேலையை மேற்பார்க்கிறவர். என்எம்எம்எஸ் என்ற ஆப்பில் வேலை செய்கிறவர்களை நிற்கவைத்து, இடத்தின் குறியீட்டோடு, ஒரு நாளைக்கு ரெண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. திருட்டுக் கணக்கைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள், திருட்டுக் கணக்கும் இருந்தது உண்மைதான். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே இந்த ஆப்பில் போட்டோவைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. ஆச்சியிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவர் முகம் தினமும் ரெண்டு தடவை ஒரு ஸ்மார்ட்போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. என் மூன்று மாத விரதத்தின் பயன் என்ன என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். தன்னிடம் போன் வேண்டாம் என்று சொல்வது நம் கையில் இருக்கிறது. ஆஜர் கொடுக்க மாட்டேன் என்று சொல்வது கூலி வேலைக்குப் போகிறவர் கையில் இல்லை.

அதனால்தான் எனக்குப் போனைவிடச் சட்டத்தின் மேல் கவனம் அதிகமாகிவிட்டது. பாரதியின் கட்டுப்பாடுகள் 1920இல் நீங்கின, சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் சேர்ந்தார். நீங்கியது அவர் தபாலை விட்டதால் இல்லை, அரசாங்கம் ஆணையை எடுத்ததால். கைரேகைச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது. சுதந்திரத்துக்குப் பிறகு 26ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருந்தது. 1986இல் அதை இன்னும் விரிவாக்கி ஒரு மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்ற, ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த நம்ம பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன் 1990இல் மறுபரிசீலனைக்கு அனுப்பினார். 2002இல் வாபஸ் வாங்கினார்கள். ஒரு கையெழுத்து விழாததால் நின்ற சட்டம்.

போன் ஒட்டுக்கேட்பு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகள் போட்டது: உள்துறைச் செயலர் மட்டத்தில் ஆணை, ரெண்டு மாதக் கெடு, மறுபரிசீலனைக் குழு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஆர்டிஐ பதிலின்படி மத்திய அரசு மட்டுமே மாதம் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பித்துக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு. லீவு நாளையும் சேர்த்து வகுத்தால் நாளைக்கு 250 முதல் 300. ஒரு ஆணைக்கு ஒரு நிமிஷம் படித்தாலே ஐந்து மணி நேரம். கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போவாரா இல்லையா? 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023இல் 1885 தந்திச் சட்டத்தின் இடத்துக்குத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1898 தபால் சட்டத்தின் இடத்துக்குப் புது அஞ்சல் சட்டமும் வந்தன. 26ஆம் பிரிவு போய் 9ஆம் பிரிவு. எந்த அதிகாரிக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம், பார்சலையும் கடிதத்தையும் பிரிக்கலாம். மறுபரிசீலனைக் குழு என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. போனுக்கு இருக்கிற பெயரளவுக் காவல்கூட இன்றைக்குப் போஸ்ட் கார்டுக்கு இல்லை என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கடைசியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 28 அன்று, இனி விற்கிற எல்லா ஸ்மார்ட்போன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே போட்டுத்தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு ஆணையிட்டது. செய்தி வெளியே வந்ததும் பெரிய சத்தம். டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று வாபஸ். கார்த்திகையில் நான் வாங்கிய போனில் அது இல்லை. என் தங்கச்சி போனில் இருக்கிறது, அவளே போட்டுக்கொண்டாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் தொலைந்த போனை அதில் புகார் கொடுத்துத்தான் முடக்கினாளாம்.